பங்குனி, சித்திரையில் தூண்டில்: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு

சிங்கப்பூரில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனால் பங்குனி பிறந்ததும் கடற்கரையில் நிற்பவர்களுக்கு ஒரு மாற்றம் தெரிந்துவிடும். டிசம்பரிலிருந்து வீசிக்கொண்டிருந்த வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் பாதியில் தளரும். சாங்கியில் அலை அடங்கும். காலையில் செம்பவாங் படகுத்துறையில் நின்றால் ஜொகூர்க் கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். தண்ணீர் எண்ணெய் தடவியதுபோல் கிடக்கும். பதினோரு மணிக்கு மேல் வெயில் கொளுத்தும். மதியம் தாண்டினால் மேகம் திரண்டு இடி இறங்கும். மார்ச் கடைசியிலிருந்து மே முடியும்வரை பெரும்பாலும் இந்தக் கதைதான். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும்.

தூண்டில் போடக் கற்றுக்கொள்ள ஆண்டிலேயே நல்ல காலம் இந்த இரண்டு மூன்று மாதம்தான் என்பேன். காற்று குறைவு, அலை குறைவு, தங்கூசியில் (நைலான் தூண்டில் நூலில்) என்ன நடக்கிறது என்பது புதியவர் விரலுக்கும் தெரியும். ஆனால் மின்னல் மிக அதிகமாக விழும் மாதங்களில் ஏப்ரலும் மேயும் அடங்கும். அதனால் இந்தப் பருவத்தில் வானத்தையும் ஓதத்தையும் (கடல் ஏறுவதையும் வற்றுவதையும்) படிக்கத் தெரிய வேண்டும். ராடும் (தூண்டில் கோல்) ரீலும் (நூல் சுற்றும் உருளை) அதற்கு அப்புறம். நான் சொல்லப்போவதும் அந்த வரிசையில்தான்.

வேட்டை பற்றி முதலில்

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் சிலர் என்னிடம் கேட்பது உண்டு: "அண்ணே, இங்கே உடும்பு இவ்வளவு பெருசா திரியுதே, யாரும் பிடிக்க மாட்டாங்களா?" பிடிக்கக் கூடாது. சிங்கப்பூரில் பொழுதுபோக்கு வேட்டை என்பதே இல்லை. வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் காட்டு உயிரைக் கொல்வதும் பொறி வைப்பதும் பிடித்துவைப்பதும் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. உணவு கொடுப்பதும் குற்றம்தான். கால்வாய் ஓர உடும்பு, பாசிர் ரிஸ் பக்கம் சாலையோரம் மேயும் காட்டுக்கோழி, காட்டுப்பன்றி, புறா எல்லாமே இதில் சேரும். கவண், வலை, கண்ணி எதையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம். துப்பாக்கிச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தீவில் ஒரு காலத்தில் புலி வேட்டையே நடந்தது. 1930இல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்டதுதான் கடைசிக் காட்டுப்புலி. அதற்குப் பிறகு மிஞ்சியிருக்கும் உயிர்களையாவது நாம் விட்டுவைக்க வேண்டும். காட்டில் ஒரு விலங்கைப் பதுங்கிப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் மார்ச் தொடக்கத்தில் சுங்கை பூலோ ஈரநிலத்துக்கு ஒரு காலைநேரம் போய் வாருங்கள். செப்டம்பரில் வடக்கேயிருந்து வந்து தங்கிய உள்ளான்கள் திரும்பிப் போகக் கிளம்பும் நேரம் அது. வற்றத்தில் சேற்றில் இரை பொறுக்கும். ஏற்றத்தில் கூட்டமாக ஒதுங்கும். ஓதத்தைக் கற்க அந்தப் பறவைகளைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரியாது. அங்கே தூண்டில் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கே நிற்கலாம்

தூண்டில் போட உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் நினைத்த இடத்தில் போட முடியாது. கடலோரப் பூங்காக்களைத் தேசியப் பூங்காக் கழகமும், நீர்த்தேக்கங்களைப் பொதுப் பயனீட்டுக் கழகமும் பார்த்துக்கொள்கின்றன. இரண்டும் தூண்டில் போட அனுமதித்த இடங்களைத் தங்கள் இணையத்தளத்தில் வெளியிட்டிருக்கின்றன. அங்கே பலகையும் இருக்கும்.

கடலுக்கு என்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் பிடோக் படகுத்துறை, செம்பவாங் பூங்கா, உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட், லாப்ரடார், சாங்கி, பாசிர் ரிஸ் ஆகியவை பலரும் போகும் இடங்கள். படகுத்துறைகள் பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் மூடியிருப்பதும் உண்டு. பையைத் தூக்குவதற்கு முன் கழகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெற்குத் தீவுகளுக்குப் படகேறிப் போகிறவர்கள் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றியுள்ளது கடல் பூங்கா என்பதை நினைவில் வையுங்கள். அங்கே மீன் பிடிக்கக் கூடாது.

முதல் நாளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? பிடோக்கில் ஆழமும் உண்டு, நீரோட்டமும் வேகம். ஞாயிற்றுக்கிழமை தோளோடு தோள் இடிக்கும் கூட்டம் வேறு. புதியவருக்கு வடக்குப் பக்கம், ஜொகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங் அல்லது உட்லண்ட்ஸ் நல்லது. வார நாளில் காலை ஏழு மணிக்குப் போனால் பெரியவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மலாய் பாக்சிக், சீன அங்கிள், நம்மூர்ப் பெரியவர் யாராக இருந்தாலும் ஒரு வணக்கம் வைத்து, "இங்கே நிற்கலாமா?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். அப்படிக் கேட்டவனுக்குச் சொல்லிக்கொடுக்காத ஆளை நான் பார்த்ததில்லை.

நீர்த்தேக்கம் வேறு கதை. பிடோக், மெக்ரிட்சி, லோவர் சிலேத்தார் போன்றவற்றில் குறித்த பகுதிகளில் மட்டும் தூண்டில் போடலாம். செயற்கை இரை மட்டும்தான் அனுமதி. புழு, இறால், ரொட்டி மாவு எதுவும் கூடாது. நாம் குடிக்கும் தண்ணீர் அது. விதியை மீறினால் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். டோமான் என்கிற பெரிய விரால், பீக்காக் பாஸ் இரண்டையும் தேடித்தான் அங்கே போவார்கள். கரையோரம் சின்னஞ்சிறு குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்குவதைப் பார்த்தால் அது விராலின் குஞ்சுக் கூட்டம். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். இரையை அங்கே எறிந்தால் கோபத்தில் பாய்ந்து கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து எறியாதீர்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

குழந்தைகளோடு கிளம்பும் குடும்பங்களுக்கு மணிக்கணக்கில் காசு வாங்கும் இறால் குளங்கள் போதும்.

வானம்

ஏப்ரல், மே மாதத்தில் சாயங்காலத் தூண்டில் என்று திட்டம் போடாதீர்கள். தரை சூடேறி, கடற்காற்று உள்ளே வந்து, மதியம் இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் இடிமேகம் கட்டுவது இந்தப் பருவத்தின் இயல்பு. காற்று லேசாக இருப்பதால் மேகம் கட்டிய இடத்திலேயே நின்று கொட்டும். காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரை என்று வைத்துக்கொண்டால் வெயிலிலிருந்தும் இடியிலிருந்தும் தப்பிக்கலாம். வெயிலைச் சும்மா நினைக்க வேண்டாம். இங்கே பதிவான உச்ச வெப்பநிலை 37 பாகை. முதலில் 1983 ஏப்ரலில் தெங்காவில், அப்புறம் 2023 மே மாதம் அங் மோ கியோவில். இரண்டும் இந்தப் பருவத்தில்தான். படகுத்துறையின் கான்கிரீட் அந்தச் சூட்டைத் திருப்பி முகத்தில் அடிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி வேண்டும்.

காலையிலும் ஒரு ஆபத்து உண்டு. அதற்குப் பெயர் சுமத்திரா. மலாக்கா நீரிணைக்கு மேல் இரவில் உருவாகி, மேற்கிலிருந்து வரிசை கட்டி வரும் புயல்மழை. பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலோ காலையிலோ வந்து அடிக்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் போகும். வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மேற்கே அடிவானத்தில் கரியால் கோடு இழுத்ததுபோல் ஒரு விளிம்பு, அதன் அடியில் வெளுத்த மழைத்திரை. சட்டென்று காற்று குளிரும். அந்தக் குளிர்காற்று பட்டவுடன் கிளம்பினால்கூடத் தாமதம்தான். அதனால் வீட்டைவிட்டு இறங்கும்முன் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடாரைப் பாருங்கள். மைஇஎன்வி (myENV) செயலியில் இருக்கிறது. ஜொகூருக்கும் சுமத்ராவுக்கும் மேலே சிவப்பும் மஞ்சளும் நீளமாக ஒரு பட்டை போல நகர்ந்து வந்தால் அன்றைக்குத் தூக்கத்தைத் தொடருங்கள்.

இடி காதில் விழுந்தால் என்ன செய்வது? ராடைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போவது. அவ்வளவுதான். இப்போது விற்கும் கோல்கள் பெரும்பாலும் கார்பன் நார் கலந்தவை, மின்சாரம் கடத்தும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் படகுத்துறையில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் கோலும்தான். பக்கச் சுவர் இல்லாத கூரை மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. மரத்தடியும் ஆகாது. மீன் மாட்டியிருக்கும்போது இடி இடித்தாலும் தங்கூசியை அறுத்துவிட்டுப் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பலாம்.

ஓதம்

என் பெரியப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி நாள்களில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் இருக்கும். பெரியம்மா விரதத்துக்காகப் போட்டது என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். தூண்டிலுக்காகப் பெரியப்பா போட்டது.

விஷயம் இதுதான். இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் பெரிது. உயர்வுக்கும் தாழ்வுக்கும் வித்தியாசம் 3 மீட்டரை நெருங்கும். அவ்வளவு தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து போக வேண்டும் என்றால் நீரோட்டம் எப்படி இருக்கும்! பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும். யீஷூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலில் காவடி பார்த்துவிட்டு அந்த வாரமே செம்பவாங் கடலோரம் ஒரு நடை போய்ப் பாருங்கள். தூண்களைச் சுற்றித் தண்ணீர் ஆறு மாதிரி சுழித்து ஓடும். அஷ்டமி, நவமி, தசமியில் அதே இடம் குளம்போல இருக்கும்.

நல்ல காரியம் எதையும் அஷ்டமி, நவமியில் தொடங்க மாட்டோம். தூண்டிலுக்கு நேர்மாறு. புதிதாகத் தொடங்குகிறவர் அஷ்டமி, நவமி பார்த்துத் தொடங்குங்கள். நீரோட்டம் மெல்ல ஓடும். லேசான ஈயம் போதும். அடியில் சிக்கி அறுபடுவது குறையும். பக்கத்து ஆளின் தங்கூசியோடு பின்னிக்கொள்ளாது. கை பழகியபின் அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள். கொடுவா மீனுக்கு அப்போதுதான் பசி.

அடுத்து, நாளுக்குள் நேரம். ஏற்ற நேரமும் வற்ற நேரமும் மீட்டர் அளவோடு ஓத அட்டவணையில் கிடைக்கும். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்குக் காலை 6 மணிக்கு வற்றம், 12 மணிக்கு ஏற்றம், வித்தியாசம் 2.4 மீட்டர். முதல் ஒரு மணி நேரத்தில் 0.2 மீட்டர்தான் ஏறும். இரண்டாவதில் 0.4. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் 0.6, 0.6. பிறகு 0.4, கடைசியில் 0.2. அதாவது நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது. அந்த வேகம் புதியவருக்குக் கஷ்டம். இரண்டாவது மணியும் ஐந்தாவது மணியும்தான் நமக்கானவை: தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் இழுத்துக்கொண்டு போகாது.

ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் உட்லண்ட்ஸில் எனக்குப் பழக்கமானார். கட்டுமான வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுப்பு. அவர் அப்பா கரையில் வலை இழுத்தவர். நான் ஒரு காலை அவசர அவசரமாக இரை கோத்துக்கொண்டிருந்தபோது தண்ணீரில் ஒரு ஐஸ்கிரீம் குச்சியைப் போட்டுக் காட்டினார். அது நின்ற இடத்தில் நின்றது. "நீவாடு ஓடணும்ணே. தண்ணி நிக்குது, இப்பப் போட்டு என்ன பண்ண? டீ குடிச்சிட்டு வாங்க." இருபது நிமிடம் கழித்து இன்னொரு குச்சியைப் போட்டார். மெதுவாகத் தூணைத் தாண்டி நகர்ந்தது. "இப்பப் போடுங்க." அன்றிலிருந்து எனக்கு அட்டவணையைவிடக் குச்சிமேல் நம்பிக்கை அதிகம். ஒவ்வொரு இடத்திலும் நீரோட்டம் திரும்பும் நேரம் அட்டவணை நேரத்திலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். குச்சி பொய் சொல்லாது. பார்த்துவிட்டு மறக்காமல் அதை எடுத்துவிடுங்கள், அல்லது காய்ந்த இலையைப் போடுங்கள்.

என்ன வாங்குவது

கடைக்காரர் காட்டுவதையெல்லாம் வாங்க வேண்டாம். ஏழு அடி நடுத்தரக் கோல் ஒன்று, 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று. இரண்டும் சேர்த்து 100 வெள்ளிக்குள் நல்லதே கிடைக்கும். ரீலில் 20 பவுண்டு பின்னல் நூல், முனையில் ஒரு மீட்டர் அளவுக்கு 30 பவுண்டு தங்கூசி லீடர் (முள்ளைக் கட்டும் தடித்த முனைநூல்). ஈயம் 40, 60, 100 கிராமில் நாலு நாலு. நீரோட்டத்தில் உருளாமல் நிற்கக்கூடிய மிகக் குறைந்த எடை எதுவோ அதுதான் அன்றைக்குச் சரியான ஈயம். நடுத்தர அளவு தூண்டில் முள் ஒரு பாக்கெட், ஸ்விவல் (நூல் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) ஒரு பாக்கெட், நீண்ட மூக்குக் குறடு, கத்தரி, பழைய துண்டு, தலையில் மாட்டும் விளக்கு. காலில் செருப்பு வேண்டாம், மூடிய காலணி. பாறையில் ஒட்டியிருக்கும் கூரிய கிளிஞ்சல் கீறினால் சீக்கிரம் சீழ் வைக்கும்.

கட்டும் முறையில் எளிதானது அப்போலோ. அடியில் ஈயம், அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முள். கடையில் ஆயத்தமாகவே விற்கும். சின்ன மீன்களுக்கு அது போதும். கொடுவாவுக்கு ஓடும் ஈயம்: நடுவில் துளையுள்ள ஈயத்தை நூலில் கோத்து, ஸ்விவல் கட்டி, அதற்குக் கீழே லீடரும் ஒரே முள்ளும். மீன் இரையை இழுக்கும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது.

முடிச்சு ஒன்றே ஒன்று பழகுங்கள். தங்கூசியை முள்ளின் கண்ணில் நுழைத்து, ஒரு சாண் வெளியே இழுத்து, முதன்மை நூலை ஒட்டியே திருப்பிக்கொண்டு வாருங்கள். அதை மடக்கி ஒரு வளையம் போடுங்கள். நுனியை அந்த வளையத்துக்குள் விட்டு இரண்டு நூலையும் சேர்த்து ஐந்து சுற்று. இனி நுனியை இழுக்கச் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். இறுக்குவதற்கு முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனையுங்கள். காய்ந்த நைலான் உரசினால் சூட்டில் தேயும், பிறகு அந்த இடத்தில்தான் அறும். கடைசியில் முதன்மை நூலை இழுத்தால் முடிச்சு சறுக்கிக் கண்ணில் போய் உட்காரும். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே ஐம்பது முறை கட்டுங்கள். இருட்டில் கை தானாகக் கட்டும்.

ரீலின் இழுவிசையை அளக்க ஒரு வழி: 2 லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நூல் நுனியில் கட்டி, கோலை மெல்ல உயர்த்துங்கள். புட்டி தரையைவிட்டு எழும்பும் நேரத்தில் ரீல் நூலை விட்டுக்கொடுக்கத் தொடங்க வேண்டும். 20 பவுண்டு நூலுக்கு அது ஏறக்குறைய கால் பங்கு எடை. இதைச் செய்யாமல் இறுக்கி வைத்தால் முதல் பெரிய மீனில் நூல் அறுந்துபோகும்.

இரையும் கடியும்

உயிர் இறாலுக்கு இணையான இரை இந்தக் கடலில் இல்லை. தூண்டில் கடைகளில் காற்றுக்குமிழ் விட்டு உயிரோடு வைத்து விற்பார்கள். கிடைக்காவிட்டால் தேக்கா சந்தையில் வாங்கிய பச்சை இறாலும் ஆகும், சிறு மீன்கள் வரும். உயிர் இறாலின் தலையில் ரம்பம்போல் ஒரு கொம்பு இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் கொம்புக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி தெரியும். முள் அந்தப் புள்ளியைத் தொட்டால் இறால் செத்துவிடும். அதற்கு முன்னால், கொம்பின் அடியில், மேலோட்டை மட்டும் துளைத்து ஏற்றுங்கள். தண்ணீருக்குள் அது காலடித்துக்கொண்டே நிற்கும்.

எறிவதற்கு முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். படகுத்துறையில் நடக்கிறவர், சைக்கிளில் வருகிறவர், குழந்தை என்று எல்லோரும் உண்டு. தலைக்கு மேல் வீசி எறிய வேண்டிய அவசியமே இல்லை. மீன் தூண்களின் நிழலில்தான் இருக்கும். நேரே கீழே இறக்குங்கள்.

நூலை ஆள்காட்டி விரலின் நுனியில் லேசாகத் தாங்கிக்கொண்டு நில்லுங்கள். ட்ட்ட்ட் என்று கொத்தினால் சின்ன மீன், விட்டுவிடுங்கள். ஒரு தட்டு, ஒரு நிதானம், பிறகு நூல் தானாக ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் அது கொடுவாவாக இருக்கலாம். மலாய்க்காரர்கள் சியாகாப் என்பார்கள். மூன்று எண்ணிவிட்டுக் கோலை உயர்த்துங்கள். அது தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும்போது கோலைத் தாழ்த்துங்கள். கரைக்கு வந்தபின் செவுள் பக்கம் கைகொடுக்காதீர்கள். செவுள் மூடியின் விளிம்பு பிளேடு. கீழுதட்டைத் துண்டோடு பிடியுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? கொடுவா ஆணாக வளர்ந்து, பல ஆண்டு கழித்துப் பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய். அதைப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுவது என் வழக்கம். கேராப்பு என்கிற களவா நேர்மாறு: பெண்ணாகத் தொடங்கிப் பெரிதானபின் ஆணாகும். இரண்டிலும் மிகச் சின்னதையும் மிகப் பெரியதையும் விட்டு, நடுத்தரத்தில் ஒன்றிரண்டு குழம்புக்கு எடுத்துக்கொண்டால் போதும். எடுத்ததை உடனே பனிக்கட்டித் தண்ணீரில் போடுங்கள். இந்த வெயிலில் அரை மணி நேரம் வெளியே கிடந்த மீன் வீட்டுக்கு வந்து குழம்பாகாது.

கடலில் மீன்கள் செத்து மிதக்கின்றனவா என்றும் கவனியுங்கள். 2015 தொடக்கத்தில் கிழக்கு ஜொகூர் நீரிணையில் நுண்பாசி பெருகி மிதவைப் பண்ணைகளில் மீன்கள் டன் கணக்கில் செத்தன. அப்படிப்பட்ட தண்ணீரில் கோலை எடுக்க வேண்டாம். மிதக்கும் மீனைத் தொடவும் வேண்டாம்.

முள்ளுள்ள மீன்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். செம்பிலாங் என்கிற இருங்கெளுத்தி இரவில் அடிக்கடி மாட்டும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று விஷ முள். ஓரா மீனின் துடுப்புகள் முழுக்க முள். திருக்கைக்கு வாலில். எனக்கு இருங்கெளுத்தி ஒருமுறை கட்டைவிரலில் இறங்கியது. விளக்கு எடுக்காமல் போன இரவு. முள் போன இடம் ஒரு குண்டூசித் துளை அளவுதான், ஆனால் வலி தோள்வரை ஏறியது. நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பாக்சிக் தன் காப்பிக் குடுவையிலிருந்த வெந்நீரில் தண்ணீர் கலந்து, முதலில் தன் கையை விட்டுப் பார்த்து, பிறகு என் விரலை அதில் முக்கினார். பத்து நிமிடத்தில் வலி பாதியாகக் குறைந்தது.

அவர் செய்ததுதான் சரியான முதலுதவி. இந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும். அடிபட்ட இடத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது. நல்ல கையை விட்டுப் பார்த்தே அளக்க வேண்டும். முறிந்த முள் உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் வலி குறைந்தாலும் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் 995. அன்றிலிருந்து ஒரு குடுவை வெந்நீர் இல்லாமல் நான் இரவில் போவதில்லை. இனம் தெரியாத மீனைக் கையால் தொடாமல் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். முடியாவிட்டால் நூலை அறுத்துவிடுங்கள்.

பந்துபோல் உப்பும் பேத்தையை ஒருபோதும் சமைக்காதீர்கள். அதன் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. "எங்க ஊர்ல தோலை உரிச்சுச் சாப்பிடுவோம்" என்று யார் சொன்னாலும் சரி.

கிளம்பும்போது

அறுந்த நூல் ஒரு துண்டுகூட அங்கே கிடக்கக் கூடாது. தங்கூசி மக்காது. கொக்கின் காலிலும் நீர்நாயின் கழுத்திலும் சுற்றிக்கொண்டு, அவை வளர வளர இறுக்கும். சாங்கியில் ஒரு நாள் அலைக்கோட்டில் ஒரு உடும்பு வாயோரம் முள்ளோடும் இரண்டு முழ நூலோடும் நடந்துபோனதைப் பார்த்தேன். என் கண்முன்னே புதருக்குள் நுழைந்து நூல் மாட்டி நின்றது. வனவிலங்கு மீட்பவர்கள் வந்து சேரும்வரை அது இழுத்த இழுப்பு இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது நான் பையில் ஒரு பழைய மைலோ டின் வைத்திருக்கிறேன். நூல் துண்டுகள், வளைந்த முட்கள் எல்லாம் அதற்குள். வந்தபோது எத்தனை முள், போகும்போது எத்தனை என்று எண்ணிக்கொள்வேன். தூண்டில் முள்ளின் நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். மீனிலிருந்தும் எளிதாகக் கழலும், உங்கள் விரலிலிருந்தும் கழலும்.

மீந்த உயிர் இறாலை நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடாதீர்கள். மே மாதம் விசாக தினத்தை ஒட்டி, புண்ணியம் என்று நினைத்துக் கடையில் வாங்கிய மீனையும் ஆமையையும் சிலர் தண்ணீரில் விடுவார்கள். பெரும்பாலானவை செத்துப்போகும், பிழைப்பவை இங்கே உள்ளவற்றை அழிக்கும். அதுவும் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, திதி, குச்சி நகரத் தொடங்கிய நேரம், வானம், மாட்டிய மீன், இவ்வளவு எழுதினால் போதும். மீன் கிடைக்காத நாளையும் எழுதுங்கள். காலண்டரில் அடுத்த அஷ்டமி என்றைக்கு என்று பார்த்துப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, முந்தின இரவு கோலையும் மைலோ டின்னையும் கதவோரம் வையுங்கள். காலை ஆறு மணிக்கு ரேடார் சுத்தமாக இருந்தால் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு கிளம்பலாம்.